இனமொழி விடையும் பொது ஐயமும்: இணைய நடுநிலைமை குறித்த நிறுவன வாக்குறுதிகளின் சொல்லாடல்

ஆய்வுச் சுருக்கம்

இணைய நடுநிலைமையைத் தாமே காப்பதாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இணையப் பெருநிறுவனங்களும் அளித்த வாக்குறுதிகள் பொதுவெளியில் ஏன் ஐயத்துடன் எதிர்கொள்ளப்பட்டன என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த ஐயத்தின் வேர் வாக்குறுதிகளின் வாசகத்திலேயே உள்ளது என்பது இதன் கருதுகோள். அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் தன் வலைப்பக்கத்தில் அளித்த உறுதிமொழியும் (2014–2017), இந்தியாவில் ஃபேஸ்புக் நிறுவனம் நடத்திய ஃப்ரீ பேசிக்ஸ் பரப்புரையும் (2015–2016) முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் வினா–விடை மரபும், அடைமொழி பற்றிய தொல்காப்பியக் கருத்தும் வாசிப்புக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இணைய நடுநிலைமை, வாக்குறுதி, இனமொழி விடை, இனச்சுட்டு, ஃப்ரீ பேசிக்ஸ், டிராய், பொதுக் கலந்தாய்வு

1. நடுநிலைமை என்னும் சொல்

‘நெட்வொர்க் நியூட்ராலிட்டி’ என்ற தொடரை அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்தாண்டார். இணைய இணைப்பை வழங்கும் நிறுவனம் தன் கம்பிவழியே செல்லும் தரவு எங்கிருந்து வருகிறது, எதைப் பற்றியது, யாருக்கு ஆதாயம் தருவது என்று பாராமல் அனைத்தையும் ஒரே வகையில் கடத்த வேண்டும் என்பதே அதன் சுருக்கம். ஒரு தளத்தைத் தடுப்பது, இன்னொன்றின் வேகத்தைக் குறைப்பது, பணம் கொடுத்தவரின் தரவை முந்தவிடுவது, தனக்கு வேண்டிய தளத்துக்கு மட்டும் கட்டணம் வாங்காமல் விடுவது ஆகியவை இக்கொள்கை குறித்த விவாதங்களில் மீண்டும் மீண்டும் பேசப்படும் நான்கு வழக்குகள்.

தமிழ் இதழ்கள் இதனை ‘இணையச் சமநிலை’ என்றும் ‘இணைய நடுநிலைமை’ என்றும் எழுதின. பேச்சுவழக்கில் ‘நெட் நியூட்ராலிட்டி’ என்றே நிலைத்துவிட்டது. சமநிலை என்னும் சொல் பொருள்களுக்கிடையே உள்ள நிலையைக் குறிப்பது. நடுநிலைமையோ அப்பொருள்களை ஏந்தி நிற்பவரின் ஒழுக்கத்தைக் குறிப்பது. இங்கு வினா தரவுகளைக் கடத்துபவரைப் பற்றியதாகலின் இரண்டாம் சொல்லே பொருந்துகிறது.

அச்சொல்லுக்குத் தமிழில் நெடிய மரபுண்டு. திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமை, சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகம் செய்வாரை நோக்கிப் பேசுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நெஞ்சுக்கு நுகத்தின் நடுவிலுள்ள பகலாணியை உவமை கூறி, கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர் என அவர்களைப் போற்றுகிறது. நீதி வழங்குவோரிடம் எதிர்பார்க்கப்பட்ட பண்பு வணிகரிடமும் எதிர்பார்க்கப்பட்டது என்பது இவற்றால் விளங்கும். ஆனால் இவ்விடங்களில் நடுவுநிலைமை வணிகரின் பண்பாகவே நிற்கிறது. பண்பு ஒருவரைப் பொறுத்தது. அதனைக் கொண்டவரைப் புகழலாம், இல்லாதவரை இகழலாம். அதனை ஒரு நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவது எவ்வாறு என்பது வேறு வினா. இணைய நடுநிலைமை விவாதத்தில் நிறுவனங்கள் பண்பின் மொழியில் பேசின. அவற்றை ஐயுற்றோர் நிபந்தனையின் மொழியை வேண்டினர். இரு தரப்பும் ஒரே சொல்லை வழங்கியதால் இந்த முரண் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

2. வினாவுக்கு உரிய விடை

வினாவும் விடையும் வழுவாமல் அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. விடை நேரே அமையாவிடினும், வினாவிய பொருளோடு தொடர்புற்று அமைந்தால் விலக்கப்படுவதில்லை என்ற தளர்ச்சியையும் அதுவே தருகிறது. முன்னதைச் செவ்வன் இறை என்றும் பின்னதை இறை பயப்பது என்றும் உரையாசிரியர்கள் வகுத்தனர். நன்னூல் விடைகளை எட்டாகப் பகுத்து, சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றின் பின் ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பவற்றை நிறுத்துகிறது. ‘ஆடுவாயா?’ என்று கேட்டவரிடம் ‘பாடுவேன்’ என்பது இனமொழி விடைக்குப் பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டு. பாடுவேன் என்றவர் ஆடுவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் ஆடமாட்டார் என்று கேட்டவர் உணர்கிறார். அவ்வாறு உணரப்படுவதாலேயே அது விடையாகிறது.

ஆங்கில வாசகங்களைத் தமிழ் இலக்கண விதிகொண்டு அளக்கலாமா என்ற தடை எழக்கூடும். இவ்விதிகள் சொல்லின் உருவமைப்பைப் பற்றியன அல்ல. உரையாடுவோர் ஒருவர் மற்றவர் சொல்லிலிருந்து எதனைக் கொள்கிறார் என்பதைப் பற்றியன. மேலைநாட்டுச் சிந்தனையில் பால் கிரைஸ் விளக்கிய உட்குறிப்புக் கொள்கையும் இதே தளத்தைச் சார்ந்ததே. (கிரைஸுக்கு முன்பே எம்மிடம் இருந்தது என்று பெருமை பேசும் ஆய்வுக் கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு உள்ளன, இங்கு அந்நோக்கம் இல்லை.) நன்னூலின் பாகுபாடு இவ்வாய்வுக்கு உதவுவது, விடையின் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் தருவதால்தான்.

காம்காஸ்ட் நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு நிகழ்வை இக்கருவியால் பார்க்கலாம். பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையைப் பயன்படுத்தியவர்களின் இணைப்புகள் இடையில் அறுபடுவதாக முறையீடுகள் எழுந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், பதிப்புரிமைச் சிக்கல் எழாதபடி கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் கோப்பொன்றை அனுப்பிச் சோதித்து, இடையீடு நிகழ்வதை உறுதிசெய்தது. இணைப்பின் இரு முனைகளுக்கும், மறுமுனையே துண்டிக்கச் சொல்வது போன்ற போலிக் குறிப்புகளை நிறுவனத்தின் கருவிகள் அனுப்பியிருந்தன. இடையிடுகிறீர்களா என்பது வினா. எந்தப் பயன்பாட்டையும் நாங்கள் தடுப்பதில்லை என்பது நிறுவனத்தின் விடை. தாமதப்படுத்துதல் தடுத்தல் ஆகாது என்ற விளக்கம் பின்னர் வந்தது. கூட்டரசுத் தொடர்பு ஆணையம் (எஃப்.சி.சி.) 2008 ஆகஸ்டில் இதனைக் கண்டித்து ஆணையிட்டது. அவ்வாறு ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை என்று 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. தடுத்தல் என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதில் அமெரிக்க வாசகர் காட்டிய கூர்மைக்கு இந்நிகழ்வு ஒரு தொடக்கம் எனலாம்.

3. ஒரு வாக்குறுதியின் பாடவேறுபாடு

2014ஆம் ஆண்டு முதல் காம்காஸ்ட் தன் வலைப்பக்கத்தில் இணையப் போக்குவரத்தில் எதற்கும் முன்னுரிமை தருவதில்லை என்றும், பணம் பெற்று விரைவுப் பாதைகளை உருவாக்குவதில்லை என்றும் எழுதி வைத்திருந்தது. எஃப்.சி.சி. 2015இல் வகுத்த நடுநிலைமை விதிகளை நீக்கப்போவதாக அதன் தலைவர் அஜித் பாய் 2017 ஏப்ரல் 26ஆம் நாள் அறிவித்தார். அந்த நாளோடு இவ்வாக்கியம் பக்கத்திலிருந்து மறைந்தது. சட்டபூர்வமான உள்ளடக்கத்தைத் தடுப்பதோ வேகம் குறைப்பதோ பாகுபடுத்துவதோ இல்லை என்ற வாக்கியமே அதன்பின் முன்னின்றது. ஆணையத்துக்கு அளித்த கருத்துரையில், போட்டிக்கு எதிரான கட்டண முன்னுரிமையை மட்டும் ஏற்பதில்லை என்ற பொருள்படும் தொடர் இடம்பெற்றது.

இம்மாற்றத்தை நிறுவனம் அறிவிக்கவில்லை. ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் 2017 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்டிருந்த பழைய படிகளைப் பக்கத்தின் புதிய வடிவோடு ஒப்பிட்டு இதனை வெளிப்படுத்தியது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் பணிக்கும் இதற்கும் முறையியலில் பெரிய வேறுபாடில்லை. சுவடியில் படியெடுப்பவரின் கைப்பிழை பாடத்தை மாற்றும். இங்கே மாற்றியவர் மூல ஆசிரியரே. அதனால் எந்தப் பாடம் உண்மையானது என்று வினவ இடமில்லை. எந்த நாளில் எந்தப் பாடம் நடைமுறையில் இருந்தது என்று மட்டுமே வினவ முடியும்.

புதிய பாடத்தில் இரு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, கட்டண முன்னுரிமை உண்டா என்ற வினாவுக்கு, தடுப்பதில்லை, குறைப்பதில்லை என்ற விடை கிடைக்கிறது. ஆடுவாயா என்றதற்குப் பாடுவேன் என்பது போன்ற இனமொழி இது. இரண்டாவது, ‘போட்டிக்கு எதிரான’ என்னும் அடை. இனச்சுட்டு இல்லாத அடையைப் பெயருக்கு முன் கொடுப்பது உலக வழக்கன்று, செய்யுளுக்கே உரியது என்று தொல்காப்பியம் கூறும். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். செஞ்ஞாயிறு என்பதில் அவ்வாறு பெறப்படாது, ஆகவே அது புலவர் வழக்கு. ஒரு நிறுவனத்தின் சட்டக் கருத்துரை செய்யுள் ஆகாது. எனவே போட்டிக்கு எதிரான கட்டண முன்னுரிமையை ஏற்பதில்லை என்ற தொடர், போட்டிக்கு எதிராகாத கட்டண முன்னுரிமை என ஓர் இனம் உண்டு என்பதையும், அது விலக்கப்படவில்லை என்பதையும் சுட்டுகிறது. ‘சட்டபூர்வமான உள்ளடக்கம்’ என்பதில் உள்ள அடையும் அத்தகையதே எனினும், முந்தைய விதிகளிலும் அது இருந்ததால் ஐயத்துக்கு அத்துணை இடம் தரவில்லை.

இலக்கணிகள் கருதிய இனமொழி விடையிலிருந்து இது ஓரிடத்தில் விலகுகிறது. பாடுவேன் என்று சொன்னவர், தான் ஆடமாட்டேன் என்பதைக் கேட்டவர் உணரவேண்டும் என்றே சொல்கிறார். நிறுவனத்தின் இனமொழியோ, கேட்டவர் அவ்வாறு உணராமல் நேர்விடை கிடைத்ததாகக் கொள்ளவேண்டும் என்ற எதிர்பார்ப்பில் அமைகிறது. கேட்போர் இலக்கணம் கூறிய வழியிலேயே உணர்ந்தனர். பொது ஐயம் என்று நாம் குறிப்பிடுவதன் உள்ளீடு பெரும்பகுதி இதுவே.

விதிகளும் நிலையானவை அல்லவே என்று வாதிடுவோர் உண்டு. 2015ஆம் ஆண்டின் விதிகள் 2017 டிசம்பர் 14ஆம் நாள் மூவருக்கு இருவர் என்ற வாக்கில் நீக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் மீண்டும் வகுக்கப்பட்டன. 2025 சனவரியில் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் வீழ்ந்தன. இந்த நிலையின்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் நாள் உண்டு, வாக்குக் கணக்கு உண்டு, எழுதப்பட்ட காரணங்கள் உண்டு, எதிர்த்து வழக்காட இடமுண்டு. வலைப்பக்க வாக்கியத்தின் நீக்கத்துக்கு இவை எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு காப்பகமும் ஓர் இதழும் தேவைப்பட்டன.

4. இந்தியச் சூழல்: இலவசமும் விலையில்லாமையும்

இந்தியாவில் இவ்விவாதம் பொதுமக்களை எட்டியது கட்டணத்தின் வழியாக. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே நிறுத்திவைத்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2015 மார்ச் 27ஆம் நாள் 118 பக்கக் கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டு 20 வினாக்களை முன்வைத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது: செயலியை உருவாக்கும் நிறுவனம் கட்டணத்தைச் செலுத்தினால் பயனர் அச்செயலியைத் தரவுச் செலவின்றிப் பயன்படுத்தலாம். பணம் செலுத்த இயலாத சிறு நிறுவனத்தின் நிலை என்ன என்று வினவியவர்களுக்கு, எந்தத் தளத்தையும் தடுப்பதில்லை, எதன் வேகத்தையும் குறைப்பதில்லை, திட்டம் அனைவருக்கும் திறந்தது என்ற விடை கிடைத்தது. அமெரிக்கப் பாடத்தின் அதே இனமொழி. இத்திட்டத்தில் இணையப் பேச்சு நடத்திவந்த ஃபிலிப்கார்ட் ஏப்ரல் 14ஆம் நாள் விலகியது. சேவ் தி இன்டர்நெட் இயக்கத்தின் வழியாக டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன.

இவற்றைவிட நுண்ணிய வாசிப்பை வேண்டுவது ஃபேஸ்புக் நிறுவனத்தின் திட்டம். இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் அது 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது, தொடங்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும், வழங்கப்பட்ட மொழிகளுள் தமிழும் இருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களைத் தரவுக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவற்றுக்கு வெளியே செல்லக் கட்டணம் உண்டு. தேர்ந்த சில தளங்களின் தொகுப்புக்கு இணையம் என்று பெயரிடுவது பொருந்துமா என்ற கண்டனத்தை அடுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் அது ஃப்ரீ பேசிக்ஸ் எனப் பெயர் மாறியது. பெயர்மாற்றம் கண்டனத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டது. தொகுப்பின் அடிப்படை அமைப்பு அப்படியே நீடித்தது.

‘இலவசம்’ என்ற சொல் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதன்று. 2011க்குப் பின் தமிழக அரசு தன் நலத்திட்டங்களின் பெயர்களில் அச்சொல்லைத் தவிர்த்து ‘விலையில்லா’ என்ற அடையை வழங்கியது: விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி. பெறுபவரை இரப்பவராகக் காட்டும் சொல்லை நீக்கிப் பொருளின் தன்மையைச் சொல்லும் சொல்லை இடும் முயற்சி அது. அத்திட்டங்களின் அரசியல் விளம்பரம் குறித்து எவ்வளவும் பேசலாம். மடிக்கணினியின் மேல் ஒட்டியிருந்த படங்களை மறந்துவிட முடியாது. ஆனால் அதைப் பெற்ற மாணவர் எதனைத் திறக்கலாம் என்பதைக் கொடுத்தவர் வரையறுக்கவில்லை. ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தில் கொடையும் வரையறையும் ஒன்றே. எந்தத் தளம் சேரலாம் என்பதற்கான தொழில்நுட்ப நிபந்தனைகளை வகுத்தது ஃபேஸ்புக். தரவும் அதன் இடைநிலை வழங்கிகள் வழியாகவே சென்றது.

5. ‘யார் எதிர்க்க முடியும்?’

2015 டிசம்பர் 28ஆம் நாள் மார்க் சக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் எழுதிய கட்டுரை இத்திட்டத்துக்கான வாதங்களைத் திரட்டித் தருகிறது. மீடியாநாமா தளத்தின் நிறுவனர் நிகில் பாவாவின் மறுப்பும் அந்நாளிதழில் வெளிவந்தது. சக்கர்பெர்க்கின் வாதத்தில் மூன்று உவமைகள் உள்ளன: பொது நூலகத்தில் எல்லா நூல்களும் இல்லை, பொது மருத்துவமனையில் எல்லாச் சிகிச்சைகளும் இல்லை, பொதுப் பள்ளியும் அவ்வாறே. இருந்தும் இவை பயனுடையன. அடிப்படை இணையமும் அத்தகையது என்பது முடிபு. வானிலையையும் விளைபொருள் விலையையும் அறிந்து பயனடைந்த மகாராட்டிர உழவர் ஒருவர் சான்றாக வருகிறார். இதனை யார்தான் எதிர்க்க முடியும் என்ற வினா தொடர்கிறது.

நூலக உவமை கவர்ச்சியானது. அதனாலேயே நின்று பார்க்க வேண்டியது. சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் எல்லா நூல்களும் இல்லை என்பது உண்மை. ஆனால் 1954ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியப் பதிப்பாளர் ஒவ்வொருவரும் தம் நூற்படியை அங்கு அனுப்பக் கடமைப்பட்டவர். அங்கு ஒரு நூல் இல்லாதிருப்பது குறைபாடு, கொள்கையன்று. பொது நூலகத்தின் பட்டியலை வகுப்பவர் அந்நூல்களுள் ஒன்றைப் பதிப்பித்து விற்பவரும் அல்லர். ஃப்ரீ பேசிக்ஸ் பட்டியலில் ஃபேஸ்புக் ஓர் உறுப்பு. பட்டியலை வகுத்ததும் ஃபேஸ்புக். பொது என்னும் அடையை உவமானத்திலிருந்து உவமேயத்துக்கு ஏற்றியதே இவ்வாதத்தின் வலிமை, அதன் நொய்மையும் அதுவே.

‘யார் எதிர்க்க முடியும்’ என்பது நன்னூலின் வினாதல் விடை. வினாவுக்கு வினாவே விடையாக வந்து, கேட்டவரைக் கேட்கப்படுபவராக்குகிறது. ஏன் முழு இணையத்தையும் அளவுவரம்போடு தரக்கூடாது, ஏன் தேர்ந்த தளங்கள் மட்டும் என்பது ஐயுற்றோர் எழுப்பிய வினா. அதற்கு எதிரே வந்த வினா, நீ ஏழைக்கு எதிரானவனா என்பது. இணைப்பற்ற கோடிக்கணக்கானோர் இவ்வாக்கியத்தில் பிணையாக நிறுத்தப்படுகின்றனர். திட்டம் இல்லாவிடில் அவர்கள் பின்தங்குவர் என்ற பகுதி உறுவது கூறல். வரப்போவதைச் சொல்லி வினாவைக் கடப்பது.

இவ்வாதத்தைப் போலி என்று தள்ளிவிடும் எழுத்துகள் அக்காலத்தில் மிகுதி. அது நேர்மையான எதிர்கொள்ளல் ஆகாது. தரவுக் கட்டணம் உழவரின் ஒருநாள் கூலியோடு ஒப்பிடத்தக்கதாக இருந்த காலம் அது; சில தளங்களேனும் கிடைக்கட்டும் என்ற எண்ணம் இரக்கமற்ற எண்ணமன்று. ஐயுற்றோருள் முன்னின்றவர் பெரும்பாலும் ஏற்கெனவே இணைப்புடைய நகரத்தார். அவர்களது பரப்புரை மிகுதியும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்தது. தமிழில் இயங்கிய ஒரு சேவையின் முறைமையைப் பற்றிய விவாதத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது. இணைப்பற்றோர் சார்பில் ஃபேஸ்புக் பேசியது போலவே, அவர்கள் சார்பில் ஐயுற்றோரும் பேசினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு, ஒருவர் பேச்சில் அவர்களது தெரிவின் எல்லை முன்கூட்டியே வரையப்பட்டிருந்தது என்பதே.

6. எண்ணிக்கையும் மறுமொழியும்

2015 டிசம்பர் 9ஆம் நாள் டிராய் வெளியிட்ட இரண்டாம் கலந்தாய்வு அறிக்கை, தரவுச் சேவைகளுக்கு வேறுபட்ட கட்டணம் பற்றி நான்கு வினாக்களை மட்டுமே கேட்டது. அவற்றுள் ஒன்று, இத்தகைய கட்டண வேறுபாடு இன்றியே இலவச இணையத்தை வழங்க வேறு வழிகள் உண்டா என்பது. ஃபேஸ்புக் தன் பயனர்களின் திரையில் ஒரு வேண்டுகோளை நிறுத்தியது. பொத்தானை அழுத்தினால் ஃப்ரீ பேசிக்ஸையும் ‘டிஜிட்டல் சமத்துவத்தை’யும் ஆதரிப்பதாக முன்பே எழுதப்பட்ட கடிதம் டிராய்க்குச் செல்லும். வந்து சேர்ந்த ஏறத்தாழ 24 லட்சம் கருத்துகளுள் 18.94 லட்சம் இத்தகையன: 13.5 லட்சம் ஃபேஸ்புக்கின் அஞ்சல் முகவரி வழியாகவும், 5.44 லட்சம் இத்திட்ட ஆதரவுக்கென அமைந்த முகவரி வழியாகவும் வந்தவை. கேட்கப்பட்ட வினாக்களுக்கு இவை விடையளிக்கவில்லை என்று டிராய் குறிப்பிட்டது. 2016 சனவரியில் ஃபேஸ்புக்குக்கு எழுதிய கடிதத்தில், பொருள்பொதிந்த கலந்தாய்வை ஏற்பாடு செய்யப்பட்ட பெரும்பான்மைக் கருத்துக் கணிப்பாகச் சுருக்கும் முயற்சி இது என்ற கருத்தைக் கடுமையான சொற்களில் தெரிவித்தது.

இவ்விடத்தில் ஐயுற்றோர் தரப்பையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். சேவ் தி இன்டர்நெட் தளமும் ஆயத்தமான வாசகத்தை வழங்கியது. பத்து லட்சம் மின்னஞ்சல்களும் பத்து லட்சம் தனிச் சிந்தனைகள் அல்ல. ஆயினும் அவ்வாசகம் டிராய் கேட்ட 20 வினாக்களை வரிசையாக எடுத்துக்கொண்டு விடையளித்தது. அனுப்புபவர் திருத்தவும் இடம் தந்தது. எண்ணிக்கையில் தோற்ற தரப்பு கலந்தாய்வில் வென்றதற்குக் காரணம், டிராய் தலைகளை எண்ணாமல் விடைகளைப் படித்தது. செப்பு வழுவாமை என்ற பழைய நெறி ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் கோப்பில் எதிர்பாராத வகையில் செயற்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

எண்ணிக்கையை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 2017ஆம் ஆண்டில் எஃப்.சி.சி.க்கு வந்த 2.2 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகளுள் ஏறத்தாழ 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் 2021 மே மாத அறிக்கையில் கண்டறிந்தது. அவற்றுள் 85 லட்சம், இணைய இணைப்புத் தொழில்துறையின் நிதியால் நடந்த பரப்புரையில் உருவானவை. 77 லட்சத்துக்கும் மேற்பட்டவை நடுநிலைமையை ஆதரித்து 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியே உருவாக்கியவை. ‘மக்கள் ஐயுறுகின்றனர்’ என்ற கூற்றையும் ‘மக்கள் நம்புகின்றனர்’ என்ற கூற்றைப் போலவே எச்சரிக்கையுடன் கையாளவேண்டும் என்பதை இவ்வறிக்கை நமக்கு நினைவூட்டுகிறது. இக்கட்டுரை ஐயத்தை எண்ணிக்கையில் தேடாமல் வாசிப்பில் தேடுவதும் இதனாலேயே.

7. ஐயத்தை உள்வாங்கிய விதி

2016 பிப்ரவரி 8ஆம் நாள் டிராய் வெளியிட்ட ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தின் அடிப்படையில் தரவுக்கு வேறுபட்ட கட்டணம் வாங்குவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவாக 50 லட்சம் ரூபாய் தண்டத்தொகை. பெரிய நிறுவனங்களுக்கு இத்தொகை பொருட்டன்று. இதைவிட முக்கியமானது அதன் விளக்கவுரையில் உள்ள காரணம்: மக்களுள் பெரும்பான்மையோர் இன்னும் இணைப்புப் பெறாத நாட்டில், அவர்கள் பெறப்போகும் இணையத்தின் இயல்பையே சேவை வழங்குவோர் வடிவமைத்துவிட நேரும் என்பது. எவரது நல்லெண்ணத்தையும் அது மறுக்கவில்லை. நல்லெண்ணத்தைக் கணக்கிலேயே கொள்ளவில்லை. மூன்று நாள் கழித்து ஃபேஸ்புக் இந்தியாவில் இத்திட்டத்தை விலக்கிக்கொண்டது.

ஒழுங்குமுறையின் வாசகத்தில் மூடிய மின்னணுத் தொடர்பு வலையமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அவ்விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு: இத்தடையிலிருந்து தப்பும் நோக்கத்தோடு அத்தகைய வலையமைப்பில் கட்டணம் வகுக்கப்பட்டால் விலக்குப் பொருந்தாது. எதிர்காலத்தில் ஒரு நிறுவனம் எவ்வாறு சொல்லை வளைக்கும் என்பதை முன்னுணர்ந்து எழுதப்பட்ட தொடர் இது. நிறுவன வாக்குறுதிகளில் எங்கும் இத்தகைய தொடரைக் காண முடியாது; தன்னைத்தானே ஐயுறும் வாக்குறுதியை எவரும் எழுதுவதில்லை. 2017 நவம்பரில் டிராய் அளித்த பரிந்துரைகளை அரசு 2018 சூலையில் ஏற்றது. நடுநிலைமை உரிமங்களின் நிபந்தனையாயிற்று. முதற்பகுதியில் பண்பாகக் கண்ட சொல் இங்கே நிபந்தனையாக நிற்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்து தரவின் விலையைச் சரித்தது. சில தளங்கள் அல்லது ஒன்றுமில்லை என்ற இருமை, அதன் காலத்துக்கு மட்டுமே உரிய கணக்காக இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று. 2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் செலுத்தி ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 9.99 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. இரு நிகழ்வுகளையும் நேரடிக் காரண காரியமாக இணைப்பதற்கு இல்லை. உள்ளடக்கம் வழங்குபவரும் இணைப்பு வழங்குபவரும் தனித்தனி என்ற எண்ணத்தில் 2015இல் எழுதப்பட்ட வாதங்கள் பலவற்றை மீண்டும் படிக்கவேண்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இன்று விவாதத்தின் சொல் மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டில் டிராய் இணையவழித் தகவல்தொடர்புச் சேவைகள் பற்றிய கலந்தாய்வை நடத்தியபோது, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம், மிகுந்த தரவுப் போக்குவரத்தை உண்டாக்கும் பெரிய தளங்கள் வலையமைப்புச் செலவில் ‘நியாயமான பங்கு’ செலுத்தவேண்டும் எனக் கோரியது. நடுநிலைமைக்கு இதனால் ஊறு இல்லை என்ற உறுதியும் உடன் வந்தது. இம்முறை கேட்பவரும் கேட்கப்படுபவரும் பெருநிறுவனங்களே. பயனர் உரையாடலில் மூன்றாமவர். ‘நியாயமான’ என்ற அடைக்கு இனச்சுட்டு உண்டெனில், நியாயமற்ற பங்கு எது, அதனை அளக்கும் கோல் யார் கையில் இருக்கும் என்ற வினாக்கள் எழுகின்றன. கோரிக்கையில் இவற்றுக்கு முன்னிற்கும் விடை, வலையமைப்பை விரிவாக்கப் பெருமுதலீடு தேவைப்படுகிறது என்பதே.